குளிப்பாட்டிய நீர்நாய்

திருச்சி புத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டரின் மாடியில் காவிரிக் கானுயிர் ஒளிப்பட மன்றம் இயங்கி வருகிறது. இயங்கி வருகிறது என்பது மன்றத்தார் சொல். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைக் கீழேயும், கழுத்தில் கேமராவோடு வருகிறவர்களை மேலேயும் வாட்ச்மேன் பிரித்து அனுப்புவார். தவறிப்போய் நோயாளி யாராவது மாடி ஏறிவிட்டால் மன்றத்தார் அவரை உட்காரவைத்து, புலிப் படம் காட்டிவிட்டுத்தான் கீழே விடுவார்கள். வேறு பார்வையாளர்கள் வருவதில்லை.

மன்றத்தில் எல்லோரும் வனவிலங்குகளைப் படம் எடுப்பவர்கள்தான். ஆனால் காட்டுப் பக்கம் போய் ரொம்ப நாளாகிறது. ஒரு காலத்தில் ஜீப் வைத்துக்கொண்டு மலை மலையாகப் போய், கொசுவிடமும் அட்டையிடமும் கடி வாங்கி, ஒரு மானின் பின்பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தவர்கள் இவர்கள். பிறகு பிளக்-இன் வந்தது. கம்ப்யூட்டரில் படத்தைத் திருத்துகிற சாஃப்ட்வேருக்குள் இந்தக் குட்டி சாஃப்ட்வேரைச் செருகிவிட்டால் போதும், மங்கலான படம் பளிச்சென்று ஆகிவிடும், வெளிறிய வானம் சிவந்துவிடும். மானையே இந்தப் பக்கமாகத் திருப்பி நிற்கவைக்கும் பிளக்-இன் வந்துவிட்டது என்று தலைவர் அறிவித்த அன்று, அடுத்த வாரம் போவதாக இருந்த ஜீப்பை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மானுக்கும் அது நிம்மதியாக இருந்திருக்கும்.

கேமராவிலிருந்து வந்தபடியே இருக்கும் படத்துக்கு மன்றத்தில் 'குளிக்காத படம்' என்று பெயர். குளிக்காத படம் கூடத்துக்குள் வரக்கூடாது. குளிப்பாட்டுவதற்கும் வரிசை உண்டு. முதலில் செயலாளர், அடுத்து பொருளாளர், முடிவாகத் தலைவர். ஆளுக்கு ஒரு பிளக்-இன். ஒருவருடையதை இன்னொருவர் தொடமாட்டார். கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்பதில் எவ்வளவு கண்டிப்பு உண்டோ அவ்வளவு கண்டிப்பு இதிலும் உண்டு. ஒரு துணைத் தலைவர் அவசரப்பட்டு, செயலாளருக்கு முன்னால் மவுஸைத் தொட்டுவிட்டார். அன்றிலிருந்து மன்றத்தில் துணைத் தலைவர் பதவியே கிடையாது.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் நம் பிச்சமுத்து ஒரு படத்தை எடுத்துக்கொண்டு போனார்.

பிச்சமுத்துவுக்கு வீடு திருவெறும்பூரில். தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கொள்ளிடத்துக்குப் போய்விடுவார். யாரோ வேண்டாமென்று விற்ற கேமரா ஒன்றை வாங்கி வைத்திருந்தார். ஸ்ரீரங்கத்துக்குப் பின்புறம், நாணல் மண்டிய கரையோரம் ஒரு நீர்நாய்க் குடும்பம் வளை தோண்டிக் குடியிருந்தது. ஆற்று நடுவே மணல் திட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு பல வாரம் காத்திருந்து அவர் எடுத்த படம் அது. தாய் நீர்நாய் வாயில் மீனைக் கவ்விக்கொண்டு நேராகப் பார்க்கிறது. காலடியில் இரண்டு குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. தூரத்தில் ராஜகோபுரம். படம் கொஞ்சம் இருட்டு, கொஞ்சம் புள்ளி புள்ளியாகவும் இருந்தது. பிச்சமுத்துவுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தோடு அவர் இருந்திருக்கலாம். ஆனால் அதே கரையில் நாணலை எல்லாம் வழித்துவிட்டு போட் ஹவுஸ் கட்டப்போவதாகத் தகவல் வந்தது. ஆற்றங்கரை அழகூட்டல் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதன் அதிகாரி வெள்ளைச்சாமியைப் பிச்சமுத்து போய்ப் பார்த்தார்.

"நீர்நாய் இருக்குன்னு நீங்க சொல்றீங்க. நான் இல்லைன்னு சொல்லலைங்க," என்றார் வெள்ளைச்சாமி. "ஆனா ஃபைல் என்ன சொல்லுதுன்னு பாக்கணும்ல? அந்த இடத்துல உயிரினம் எதுவும் இல்லைன்னு சர்வே பண்ணியிருக்கோம்."

"யாருங்க சர்வே பண்ணினது?"

"நாங்கதான். அன்னிக்கு நல்ல மழை. ஜீப்பை விட்டு இறங்காமலே பாத்து முடிச்சோம்."

பிச்சமுத்து படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். வெள்ளைச்சாமி கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிக்கொண்டும் பார்த்தார்.

"படம் சரி. ஆனா இது நீங்க எடுத்தது."

"ஆமாங்க, நான்தான் எடுத்தேன்."

"அதான் சிக்கல். எடுத்தவரே கொண்டாந்து குடுத்தா அது எப்படி ஆதாரமாகும்? புத்தூர்ல ஒரு மன்றம் இருக்கு. அவங்க முத்திரை வெச்சுக் கொண்டாங்க. படத்துல நீர்நாய் இருந்துச்சுன்னா போட் ஹவுஸை வேற இடத்துக்கு மாத்திப்புடலாம். எனக்கு ஆறு எங்க இருந்தாலும் ஒண்ணுதான்."

பிச்சமுத்து அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு நேராகப் புத்தூருக்கு வந்தார். படத்தைக் கையில் பார்த்ததுமே மன்றச் செயலாளர் சௌரிராஜன் இரண்டடி பின்னால் போனார். இவர் ஸ்ரீரங்கம் உத்திர வீதிக்காரர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். படத்தில் உள்ள புள்ளிகளை அழித்து வழவழப்பாக்கும் பிளக்-இன் இவர் வசம் இருந்தது.

"குளிக்காத படமா? உள்ளே எடுத்துண்டு வரப்படாது. பென் டிரைவ்ல இருந்தா குடுங்கோ," என்றார். திரையில் படம் விரிந்ததும் நெற்றியைச் சுருக்கினார். "இந்தப் புள்ளியெல்லாம் பாத்தேளா ஸ்வாமி? இதுக்கு நாய்ஸ்னு பேர். ஜீவனோட ஸ்வரூபத்தை அகங்காரம் மறைக்கறாப்பல, படத்தோட ஸ்வரூபத்தை இது மறைக்கறது. நிவர்த்தி பண்ணினாத்தான் சேவிக்கலாம்."

"விடியக்காலைல வெளிச்சம் கம்மிங்க. அதனால வந்தது."

"விடியக்காலம்பற எதுக்குப் போனேள்?"

"அப்பதாங்க நீர்நாய் வெளியில வரும்."

"அதோட சௌகர்யத்துக்கு நாம போகப்படாது," என்று சொல்லி சௌரிராஜன் மவுஸை இழுத்தார். புள்ளிகள் போயின. கூடவே தாயின் உடம்பிலிருந்த ரோமம் போயிற்று. மீசையும் போயிற்று. ஒரு வாரம் தேய்த்த சோப்புக்கட்டிக்குக் கண் வைத்த மாதிரி இருந்தது.

"மீசை போயிருச்சுங்களே," என்றார் பிச்சமுத்து.

"மீசையும் நாய்ஸ்தான்."

அடுத்து பொருளாளர் மன்சூர் வந்து உட்கார்ந்தார். பெரிய கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், மனசு நல்ல மனசு. வானத்தை மாற்றும் பிளக்-இன் இவருடையது.

"வானம் எடுபடலையே தம்பி. படத்துக்கு வானம்தான் பார்டர். பார்டர் சரியில்லைன்னா சேலையை யாரு வாங்குவா?" என்றபடியே ஒரு தட்டுத் தட்டினார். கொள்ளிடத்துக்கு மேலே ரத்தச் சிவப்பில் ஆப்பிரிக்கச் சூரியன் இறங்கியது. பக்கத்தில் குடை விரித்த மாதிரி ஒரு மரமும் முளைத்தது.

"பாய், இது காலைல எடுத்த படம். சாயங்காலமா ஆயிடுச்சே."

"லேட்டா எந்திரிக்கிறவங்களும் பாக்கணும்ல தம்பி."

"இந்த மரம் கொள்ளிடத்துல கிடையாதுங்க."

"இன்ஷா அல்லா, வளரும்."

அதற்குள் பின்னால் நின்ற சௌரிராஜனுக்கு முகம் வெளுத்துவிட்டது. புது வானம் இறங்கிய வேகத்தில் ராஜகோபுரத்தைக் காணவில்லை. தேவையில்லாத கட்டடம் என்று பிளக்-இன் தானாக முடிவெடுத்து அழித்திருந்தது.

"கோபுரத்தை எடுத்துட்டேளே பாய்," என்றார் சௌரிராஜன்.

மன்சூர் பதறிவிட்டார். "அல்லா, நான் எடுக்கலைங்க. மெஷின் பண்ணுன வேலை. எங்க கடைக்கு வர்ற பாதி சனம் அந்தக் கோபுரத்தைக் கும்பிட்டுட்டுத்தான் வருது, நான் எடுப்பேனா?" என்று அவசர அவசரமாக எதையோ அழுத்தினார். கோபுரம் திரும்பி வந்தது. ஆனால் இரண்டாக வந்தது. சௌரிராஜன் இரண்டையும் பார்த்தார். ஒன்றை அழிக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எதை அழிப்பது என்று எப்படிச் சொல்வது? இரண்டையும் சேவித்துவிட்டு, "இருக்கட்டும், லோக க்ஷேமம்தானே," என்று நகர்ந்துகொண்டார்.

கடைசியாகத் தலைவர் டாக்டர் பீமராவ் வந்தார். அவர் பல் டாக்டர். அவர் கண்ணில் முதலில் பட்டது பல்தான்.

"இவ்வளவு மஞ்சளா இருக்கே பல்லு?"

"மீன் திங்கிற பல்லுங்க சார்."

"மீன் தின்னா என்ன? என்கிட்ட வர்றவங்க எல்லாம் பாலும் பழமுமா சாப்பிடுறாங்க?" கல்யாணப் படங்களுக்காக வந்த பிளக்-இன் அவருடையது. அதை ஓட்டியதும் தாய் நீர்நாய்க்கு வெள்ளை வெளேரென்று வரிசையாகப் பல் வந்தது. வரவேற்பில் நிற்கும் மணப்பெண்ணைப் போல அது வாயில் மீனோடு சிரித்தது.

பிச்சமுத்து அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மன்றத்தில் இதுவரை யாரும் கேட்காததைக் கேட்டார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. வனவிலங்கை எடுக்கறவங்களுக்கு இந்த பிளக்-இன்னெல்லாம் உண்மையிலேயே தேவைதானா?"

மூன்று பேரும் தனி அறைக்குள் போய்க் கலந்து பேசிவிட்டு வந்தார்கள். கேள்வி முக்கியமானது என்றும், இதைப் பட்டிமன்றம் வைத்துத்தான் தீர்க்க வேண்டும் என்றும், படத்துக்கு முத்திரை அதே மேடையில் வைக்கப்படும் என்றும் தலைவர் அறிவித்தார்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பட்டிமன்றம் நடந்தது. வாசலில் சந்தனம், கற்கண்டு எல்லாம் இருந்தது. தலைப்பு: 'வனவிலங்குப் படத்துக்கு பிளக்-இன் தருவது பேரழகா, பெரும்பயனா?' நடுவர் டாக்டர் பீமராவ்.

"வேண்டாம்னு பேச ஒரு அணி கிடையாதுங்களா?" என்று பிச்சமுத்து சௌரிராஜனிடம் மெல்லக் கேட்டார்.

"அப்படி ஒரு அணி இருந்தா விவாதம் வந்துடுமே," என்றார் அவர்.

பேரழகு அணிக்குத் தலைமை தாங்கியவர் பேராசிரியை பிரேமலதா. மைக்கைப் பிடித்தால் மண்டபம் அதிரும். "நான் காட்டுக்குப் போனேன். நாள் கணக்குல உக்காந்தேன். சிறுத்தை வரலை. நான் அழுதேனா? இல்லை. வீட்டுக்கு வந்தேன், காபி போட்டேன், பிளக்-இன்கிட்ட கேட்டேன், வந்தது. எங்க வீட்டு வேப்ப மரத்துலயே ஏறி உக்காந்துக்கிட்டுது. இப்ப சொல்லுங்க நடுவர் அவர்களே, காடு பெருசா, என் லேப்டாப் பெருசா?" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

பெரும்பயன் அணிக்கு மன்சூர். "நேத்து ஒரு காக்காவை எடுத்தேன். பிளக்-இன் போட்டேன். மயிலாயிடுச்சு. இதுல காக்காவுக்கு என்ன நட்டம்? எனக்கு என்ன நட்டம்? பாக்கிற உங்களுக்குத்தான் என்ன நட்டம்?"

பார்வையாளர் கேள்வி நேரத்தில் பிச்சமுத்துவை எழுப்பி மைக்கைக் கொடுத்தார்கள். "மயில் படம் வேணும்னா மயிலைத்தானங்க எடுக்கணும்?" என்றார்.

மண்டபம் கலகலவென்று சிரித்தது. நடுவரும் சிரித்துவிட்டுத் தீர்ப்புக்கு எழுந்தார்.

"இவ்வளவு வெள்ளந்தியா கேக்கிறவங்க ஊர்ல இருக்கறதாலதான் மன்றத்துக்கே வேலை இருக்கு. ஒரு காலத்துல நாம மிருகத்தை நம்பி இருந்தோம். அது வரும், வராது. வந்தாலும் நிக்காது. நின்னாலும் சிரிக்காது. எவ்வளவு அவமானம்? படிச்சவங்க நாம, ஒரு குரங்குக்காகப் புதர்ல காத்துக் கிடந்தோம். இன்னிக்கு நிலைமை மாறிடுச்சு. இனிமே மிருகம்தான் நம்மளை நம்பி இருக்கணும். பிளக்-இன் பேரழகு, பெரும்பயன், ரெண்டுந்தான்." இப்படித் தீர்ப்புச் சொல்லிவிட்டு, அந்த மகிழ்ச்சியில் புதிதாக வந்த ஒரு பிளக்-இன்னை அந்த மேடையிலேயே தொடங்கிவைப்பதாகவும் சொன்னார். அதற்கு மன்றம் வைத்த பெயர் கவனச்சிதறல் நீக்கி. படத்தில் கண்ணைப் பிடித்து இழுக்கிற, உறுத்துகிற எதையும் அது தானாகக் கண்டுபிடித்து அழித்துவிடுமாம்.

பெரிய திரையில் பிச்சமுத்துவின் படம் வந்தது. தலைவர் அழுத்தினார். முதலில் குட்டிகள் காணாமல் போயின. பிறகு மீன் போயிற்று. தாய் மட்டும் வெள்ளைப் பற்களோடு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பல் போயிற்று, அதன்பின் தாயும் போயிற்று. சிவந்த வானமும் இரண்டு கோபுரமும் சலனமில்லாத தண்ணீரும் மிச்சம் இருந்தன.

"பாருங்க, எவ்வளவு சுத்தம்," என்றார் பீமராவ். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

பிச்சமுத்து மேடைக்கே ஓடிவிட்டார். "சார், நீர்நாய்."

"எது?"

"நடுவுல இருந்ததுங்க. அதைத்தானங்க எடுத்தேன்."

"அதுதான் ஆரம்பத்துல இருந்து கவனத்தை இழுத்துக்கிட்டே இருந்தது," என்றார் தலைவர். முத்திரை வைத்து, முதல் பரிசும் அறிவித்து, சால்வையும் போர்த்திவிட்டார்கள்.

வெள்ளைச்சாமிக்குப் படத்தை மன்றமே அனுப்பியிருந்தது. மறுநாள் பிச்சமுத்து பழைய படத்தை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்கப் போய் நின்றபோது, அவர் நாற்காலியை விட்டு எழுந்து கைகொடுத்தார்.

"இந்த இடத்துல ஒரு உயிரும் இல்லைங்கறதுக்கு எங்ககிட்ட இவ்வளவு தெளிவான ஆதாரம் இதுவரைக்கும் இல்லைங்க. எங்க சர்வேலகூட மழைத்தண்ணி கொஞ்சம் மறைச்சுது. ரொம்ப உபகாரம் பண்ணியிருக்கீங்க. அடுத்த வாரமே பூமி பூஜை. பேனர்ல உங்க படம்தான்."

"சார், இந்தப் படத்தை ஒருதடவை பாருங்க. இதுல இருக்கு."

"முத்திரை இல்லாததை நான் பாத்ததா சொல்ல முடியாதுங்க."

பிச்சமுத்து வெளியே வந்து ஸ்கூட்டரின்மேல் உட்கார்ந்தார். நீர்நாயைக் காப்பாற்றப் போய், நீர்நாய் இல்லை என்பதற்குத் தானே சாட்சியாகிவிட்டார். அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. குட்டிகள் இன்னும் நீந்தக்கூடச் சரியாகப் பழகவில்லை.

பூமி பூஜைக்குக் கொள்ளிடக் கரையில் பந்தல் போட்டிருந்தார்கள். மன்றத்தார் வந்திருந்தார்கள். பரிசு பெற்றவர் என்பதால் பிச்சமுத்துவையும் முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். கேமராவும் கையுமாக வரவேண்டும் என்று கண்டிப்பான உத்தரவு. அய்யர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, பேனருக்குப் பின்னாலிருந்த நாணல் அசைந்தது. தாய் நீர்நாய் வெளியே வந்தது. வாயில் கெண்டை மீன். பின்னாலேயே குட்டிகள். பந்தலையும் கூட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து மீனைத் தின்னத் தொடங்கியது.

மந்திரம் நின்றது. மன்றத்தாரில் எவரும் இதற்கு முன் ஒரு நீர்நாயை நேரில் கண்டதில்லை. வாயைத் திறந்தபடி பார்த்தார்கள்.

"இதுவா நீங்க சொன்னது?" என்று வெள்ளைச்சாமி பிச்சமுத்துவின் காதோரம் கேட்டார். பிச்சமுத்துவுக்கு உயிர் வந்தது. பதில் சொல்வதற்குள் அதிகாரியே தொடர்ந்தார். "அழகாத்தான் இருக்கு. ஆனா நேர்ல பாத்ததை எப்படிங்க ஃபைல்ல வைக்கிறது?"

"ஃபைல்ல எதுக்கு வைக்கணும்? போட்ல வைங்க," என்றார் பீமராவ். அவர் முகம் மலர்ந்திருந்தது. "நீர்நாய் சவாரின்னு டிக்கெட் போட்டுடலாம். ஜனம் அள்ளிக்கிட்டுப் போகும்."

"ரெண்டு குட்டியைப் பிடிச்சு வாசல்ல கண்ணாடித் தொட்டியில விட்டா, புள்ளைங்க பாக்கும்," என்றார் மன்சூர், நல்லெண்ணத்தோடு.

"பேஷ்," என்றார் சௌரிராஜன்.

வெள்ளைச்சாமி மேலிடத்துக்குச் சொல்லப் போனை எடுத்தார். பிச்சமுத்து எழுந்து நின்றார். இத்தனை நாளாக இந்த ஒரு வார்த்தையை நம்பவைக்கத்தான் நாய் படாத பாடு பட்டிருந்தார்.

"அது நீர்நாய் இல்லைங்க," என்றார். "பெருச்சாளி."

"இவ்வளவு பெருசாவா?"

"கொள்ளிடத்துல அப்படித்தாங்க வளரும். இந்தக் கரை பூரா வளை. அரிசி, மாவு, வயரு, எதையும் விடாது. சாயங்காலம் ஆச்சுன்னா கூட்டமா வரும்."

சௌரிராஜன் வேட்டியை முழங்காலுக்குமேல் தூக்கிக்கொண்டார். "கடிக்குமோ?"

"கடிச்சா ஊசி போடணும் சாமி."

பீமராவ் நாற்காலியின்மேல் ஏறினார். வெள்ளைச்சாமி போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "பெருச்சாளி இருக்கிற இடத்துல கேண்டீன் வைக்க முடியாது. கேண்டீன் இல்லாம போட் ஹவுஸ் எதுக்கு? பந்தலைப் பிரிங்கப்பா. வேற இடம் பாப்போம்," என்றார். பெருச்சாளிதான் என்பதற்கு அவர் ஆதாரம் கேட்கவில்லை. முத்திரை கேட்கவில்லை. சுற்றி நின்ற அத்தனை பேரில் ஒருவருக்குக்கூட அதில் சந்தேகம் வரவில்லை.

"மருந்து வைக்கச் சொல்லலாமே," என்றார் மன்சூர்.

"அது சுகாதாரப் பிரிவு. நாம சொன்னா அவங்க கோவிச்சுக்குவாங்க," என்று சொல்லிவிட்டு வெள்ளைச்சாமி ஜீப்பை நோக்கி வேகமாக நடந்தார்.

தாய் நீர்நாய் மீனின் தலையைக் குட்டிகளுக்கு விட்டுக்கொடுத்திருந்தது. வெயில் நன்றாக ஏறி, வெளிச்சம் அருமையாக இருந்தது. இப்படி ஒரு வெளிச்சம் பிச்சமுத்துவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கிடைத்ததில்லை.

"ஒண்ணு எடுத்துடுங்களேன் பிச்சமுத்து, மன்றத்துல இருக்கட்டும்," என்றார் பீமராவ் நாற்காலியின் மேலிருந்து.

பிச்சமுத்து லென்ஸின் மூடியை எடுத்து மாட்டினார்.

"பெருச்சாளிப் படத்தை வெச்சா மன்றத்துக்கு மரியாதையா இருக்காதுங்க சார்."

டாக்டர் பீமராவ் சற்று யோசித்தார். "அதுவும் சரிதான்," என்றார், நாற்காலியை விட்டு இறங்காமல்.